ஓடைக்குத் தெரிந்தவர்கள்

வனத்துறையும் தொண்டு நிறுவனமும் கைகோத்து வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், சகாயராஜும் தில்லைநாயகியும் தங்கள் சமையலறையைக் காட்டலாம். அங்கே குக்கர் யாருடைய பொறுப்பு என்பது கல்யாணமான நாளிலிருந்து முடிவாகாத கேள்வி. விசில் வந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சாதம் குழைந்துவிடும். இருவரும் சேர்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துக்கொள்வார்கள்.

சகாயராஜ், நெடுங்கரடு மலையின் வனச்சரக அலுவலர். தில்லை, 'நீர்த்தடம்' அறக்கட்டளையின் திட்ட மேலாளர். செத்துக் கிடந்த குருவியோடையைத் துறையும் அறக்கட்டளையும் சேர்ந்து மீட்பது என்று ஏழு வருடங்களுக்கு முன் ஒப்பந்தமானது. தொடக்க விழா நடந்த அன்று, மேடையில் யார் பெயரை முதலில் வாசிப்பது என்று இந்த இருவரும் சண்டை போட்டார்கள். சண்டை பிடித்துப்போய் இரண்டு வருடத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். இப்போது ஓடைக்கரையிலேயே துறை கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருக்கிறார்கள், சொறிந்துகொண்டே இருக்கும் மணி என்ற நாயோடு.

ஓடையோ ஜம்மென்று இருந்தது. வருடம் முழுவதும் தண்ணீர். கரையெங்கும் நீர்மத்தி, நாவல், இடையிடையே என்ன காரணத்தாலோ குரோட்டன்ஸும் காகிதப்பூவும். முன்மாதிரித் திட்டம் என்று இரண்டு விருதுகள் வந்திருந்தன. ஒன்று துறை அலுவலகத்திலும் ஒன்று நீர்த்தடம் அலுவலகத்திலும் இருந்தது. எது பெரியது என்பதும் முடிவாகாத கேள்விதான்.

அன்று காலை ராக்கு வந்து வாசலில் நின்றாள். ஓடைக்கு மேலே இருக்கும் மேல்குருவி குடியிருப்பைச் சேர்ந்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். மலையில் அவளுக்குப் பயப்படாதது காட்டுமாடு மட்டும்தான் என்று சொல்வார்கள். முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தது.

"என்ன ராக்கு, மறுபடியுமா?" என்றான் சகாயராஜ்.

"மறுபடியுமா? எப்ப சார் நின்னுச்சு? தண்ணி எடுக்கப் போனா அரிக்குது. குளிச்சா அரிக்குது. ஓடையில கால வச்ச மாடு இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேங்குது. போன வருசம் நாங்க வச்ச எலுமிச்சங்கன்னு பூராவும் பட்டுப்போச்சு."

சகாயராஜ் உள்ளே போய் ஒரு பச்சை டியூப்போடு வந்தான். மேல்குருவி மக்களுக்காகத் துறையும் அறக்கட்டளையும் கூட்டாக வழங்கும் களிம்பு. ஒரு பக்கம் துறையின் முத்திரை, மறுபக்கம் நீர்த்தடத்தின் நீர்த்துளி. எது பெரியது என்று கேட்க வேண்டாம்.

"ராத்திரி தடவிட்டுப் படு. சுத்தமா குளிக்கணும். துணியத் துவைச்சு வெயில்ல போடணும். ஒரே வாரத்துல சரியாயிரும்."

"இதயேதான் போன வருசமும் சொன்னீக. அதுக்கு முந்தின வருசமும் சொன்னீக."

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே ராக்கு. அதே ஓடையிலதான நாங்களும் குளிக்கிறோம்."

"அதான் எனக்கும் புரியல. எங்க தோலு என்ன, கடன் வாங்கின தோலா?"

தில்லை சமாதானமாகச் சொன்னாள். "அடுத்த மாசம்தான் கீழ புது வீட்டுக்குப் போறீங்களே ராக்கு. காங்கிரீட் வீடு, பாத்ரூம் எல்லாம் இருக்கு. உங்களுக்குன்னே கட்டி வச்சிருக்காங்க."

மேல்குருவிக்குத் தீராத தோல் நோய் இருக்கிறது, அவர்களுடைய நன்மைக்காகவே அவர்களை மலையடிவாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று அரசு முடிவு செய்திருந்தது. அந்த முடிவுக்கு ஆதாரமே இந்த இருவரும் சேர்ந்து அனுப்பிய அறிக்கைதான்.

ராக்கு டியூப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அரிக்குதுன்னு சொன்னா அரிப்ப நிப்பாட்டுவாகன்னு பாத்தேன். ஆளையே நிப்பாட்டுறீக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

விஷயம் வெளிப்பட்டது புதிதாக வந்த வனக்காவலர் முபாரக்கால். பளபளப்பாக இஸ்திரி போட்ட சீருடையில் வந்து, முதல் நாளே ஓடையில் இறங்கி, விலங்குகளைப் படமெடுக்க வைத்திருந்த கேமராப் பெட்டியைத் துடைத்துவிட்டு, சகாயராஜுக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். அடித்த கை இறங்கவில்லை. அப்படியே கழுத்தைச் சொறியப் போய்விட்டது.

"என்ன தம்பி?"

"தெரியல சார். அரிக்குது சார். மன்னிக்கணும் சார்." மறு கையும் போய்விட்டது.

தில்லை முபாரக்கைப் பார்த்தாள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே தாளத்தில் காதைச் சொறிந்துகொண்டிருந்த மணியைப் பார்த்தாள். மணியை வாங்கி வந்தது கல்யாணத்துக்குப் பிறகு. நாய் சொறிகிறது என்று யார் ஆராய்ச்சி செய்வார்கள்? ஷாம்பூ வாங்கித்தான் போட்டார்கள்.

"சகாயம், இவன் சுத்தமாத்தானே இருக்கான்?"

"என்னைவிடச் சுத்தமா இருக்கான்."

தில்லை உடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். ஓடைக்கரை மண்ணில் அவர்கள் விதைத்த 'வேர்வலை'யை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் இருக்கும் வாசவிக்கு.

"வாசவி, வேர்வலை யாருக்காவது அரிப்பு கொடுக்குமா?"

"அன்னியமா இருந்தா கொடுக்கும். அதுக்குத்தானே வச்சிருக்கோம்" என்றாள் வாசவி, எதையோ மென்றுகொண்டே.

சகாயராஜ் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். "கொஞ்சம் எங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க மேடம்."

"வேர்வலை ஒரு பூஞ்சை சார். நாங்க கொஞ்சம் புத்தி சொல்லி வளர்த்த பூஞ்சை. மண்ணுக்குள்ள நூல்நூலா ஓடும். விதைச்சதும் ஒரு பகல் பூராவும், சூரியன் உதிச்சதுல இருந்து மறையற வரைக்கும், அந்த எல்லைக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு மோப்பம் பிடிச்சுக்கும். மரம், தவளை, மீன், மனுஷன், எல்லாம். அதான் மாதிரி நாள். அன்னிக்கு இருந்தவங்க எல்லாம் சொந்தக்காரங்க. அவங்களுக்குச் சாப்பாடு போட்டு வளர்க்கும். இல்லாதவங்க களை."

"களைன்னா?"

"செடியா இருந்தா பட்டினி போடும். நடமாடற ஜீவனா இருந்தா கண்ணுக்குத் தெரியாத, மேல பட்டா அரிக்கற சுணையைக் கிளப்பி விடும். வெளி ஆடு மாடு மேய வராம இருக்கறதுக்கு. கையேட்டுல போட்டிருந்தோமே, படிக்கலையா?"

சகாயராஜ் தில்லையைப் பார்த்தான். தில்லை சகாயராஜைப் பார்த்தாள். குக்கர் விசில் அடித்தது போல இருந்தது.

"மாதிரி நாள் அன்னிக்கு ஓடை வழக்கமா எப்படி இருக்குமோ அப்படி இருந்துச்சுதானே?" என்று கேட்டாள் வாசவி.

மாதிரி நாளும் தொடக்க விழாவும் ஒரே நாள். செலவு மிச்சம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. சென்னையிலிருந்து வனத்துறைச் செயலாளர் வந்தார். ஓடை பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்று டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து விட்டார்கள். நர்சரியிலிருந்து குரோட்டன்ஸும் காகிதப்பூவும் தொட்டியோடு வந்து மண்ணில் புதைந்தன. செயலாளர் தன் கையால் ஒரு வாளி ஜிலேபிக் கெண்டையை விட்டார். கைதட்டுவதற்கு நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து, கைதட்டி, ஓடையில் குளித்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"மேல்குருவி ஆளுங்க?" என்றாள் வாசவி.

விழா நேரத்தில் கிழிந்த துணியும் ஆட்டுக்குட்டியுமாகக் குறுக்கே வந்து நிற்கக் கூடாது என்று சகாயராஜுக்கு மேலிடத்து உத்தரவு. தில்லை அதை நாசூக்காகச் செய்தாள். 'களப்பயணம்' என்று பெயர் வைத்து, மொத்தக் குடியிருப்பையும் ஆடு மாடோடு எல்லைக்கு வெளியே அனுப்பினாள். மாடுகள் அடிவாரத்துக்கு, மனிதர்கள் வேனில் வைகை அணைக்கு.

"ஓ" என்றாள் வாசவி. மெல்லுவது நின்றிருந்தது. "அப்ப அந்த ஓடையோட ஆதிகுடி, நீங்க ரெண்டு பேரும், ஒரு செயலாளரும், பிரியாணிக்கு வந்த கூட்டமும்."

அதனால்தான் அரிப்பை ஆராய வந்த எந்தக் குழுவுக்கும் அரிக்கவில்லை. மருத்துவ முகாம் டாக்டர் உட்பட எல்லோரும் அன்று விழாவில் முன்வரிசையில் இருந்தவர்கள்.

"இதை மாத்த முடியுமா?" தில்லையின் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு மருந்து இருக்கு. வலையைத் தூங்க வச்சு, இன்னொரு மாதிரி நாள் காட்டலாம். ஆனா ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் கெட்டியாயிடும், யார் சொன்னாலும் கேக்காது. அன்னிக்கு எல்லைக்குள்ள இல்லாதவங்க எப்பவுமே வெளியாள்தான். எல்லை கீழ செக்போஸ்ட்ல ஆரம்பிக்குது, ஞாபகம் வச்சுக்கோங்க. தயவுசெஞ்சு தொட்டிச் செடி வேண்டாம்."

மாலையில் இருவரும் மேல்குருவிக்கு ஏறிப் போய் ராக்குவிடம் சொன்னார்கள். சகாயராஜ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். தில்லை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ராக்கு முழுவதும் கேட்டாள்.

"அப்ப நாங்க அன்னிக்கு அணையில உக்காந்து தயிர்சோறு தின்னோமே, அதுனாலதான் எங்கள இதுக்குத் தெரியல?"

"ஆமா."

"அந்தப் பெரிய ஆபீசரத் தெரியுது?"

"தெரியும்."

"அவரு இங்க எம்புட்டு நேரம் இருந்தாரு?"

"ஒரு இருபது நிமிஷம்" என்றான் சகாயராஜ்.

ராக்கு ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நல்ல ஓடயாத்தான் இருந்துச்சு. உங்க கூடப் பழகிக் கெட்டுப்போச்சு."

பிறகு விரலை நீட்டினாள். "இந்தத் தடவ எந்த வேன்லயும் ஏற மாட்டோம். சொல்லிப்புட்டேன்."

மறு மாதிரி நாளுக்குச் சென்னையின் அனுமதி வேண்டும். நடந்த தவறைத் திருத்த அனுமதி வேண்டும் என்று சகாயராஜ் நேர்மையாக எழுதினான். கோப்பு நகரவே இல்லை. குடியிருப்பை மாற்றும் நாள் மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. மேலதிகாரி ஒருவர் போனில் அவனைக் கடிந்துகொண்டார்.

"தப்பைத் திருத்தறோம்னு எழுதினா எவன்யா கையெழுத்துப் போடுவான்? தப்பு நடந்திருக்குன்னு ஆயிடுமே. 'இரண்டாம் கட்டத் தொடக்க விழா'ன்னு எழுது."

எழுதினான். அனுமதி பறந்து வந்தது. கூடவே செயலாளரின் பயணத் திட்டமும் வந்தது. செயலாளர் வருகிறார் என்றால் தொட்டிச் செடி வரும், கெண்டை வரும், இரண்டு பஸ் வரும்.

"விழான்னு எழுதினது யாரு?" என்றாள் தில்லை.

"நீர்த்தடம் சார்பா ஒப்புதல் கடிதம் கொடுத்தது யாரு?"

சண்டை போட நேரமில்லை. செக்போஸ்ட்டிலேயே எல்லோரையும் நிறுத்த வேண்டும், சூரியன் மறையும் வரை. முபாரக் மேலே போய் வாசவி அனுப்பிய மருந்தைத் தெளிக்க வேண்டும். மேல்குருவி முழுக்க, மாடு கன்று உட்பட, ஓடையிலேயே பகலைக் கழிக்க வேண்டும்.

"நீ மேல இரு தில்லை. கேட்டை நான் பார்த்துக்கறேன்" என்றான் சகாயராஜ். "வீடு உள்ள இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது ஓடைக்குத் தெரியணும்."

"சரி" என்றாள் தில்லை. அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவள் அல்ல. சகாயராஜுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விடிவதற்கு முன்பே அவன் செக்போஸ்ட்டில் நின்றான். சூரியன் உதிப்பதற்குள் ஸ்கூட்டரில் தில்லையும் வந்து இறங்கினாள், கையில் சிவப்பு ரிப்பனும் இடுப்பில் நீல பிளாஸ்டிக் தொட்டியுமாக.

"நீ மேல போகல?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது. செயலாளர் முறைச்சா கேட்டைத் திறந்து விட்டுருவீங்க. மணியை ராக்குகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க போங்க, நான் சமாளிக்கிறேன்."

"நான் போனா கேட்டுக்கு யாரு அதிகாரி? நீ ஸ்கூட்டரைத் திருப்பு."

இந்தச் சண்டை முடிவதற்குள் வெயில் ஏறி, செயலாளரின் காரும் வந்துவிட்டது. பின்னால் தொட்டிச் செடி லாரி, அதற்குப் பின்னால் இரண்டு பஸ்.

சகாயராஜ் சல்யூட் அடித்தான். "சார், மேல போக முடியாது சார். ரோட்டுல காட்டுமாடு நிக்குது."

"எத்தனை?"

"ஒண்ணு... ரெண்டு... ஒண்ணுதான் சார்."

தில்லை முன்னால் வந்தாள். "ஒத்தை மாடு சார். கோவமா இருக்கு. போன மாசம் ஒரு ஜீப்பைக் கவுத்துருச்சு. இருந்தாலும் நீங்க வர்றதா இருந்தா, இவர்தான் முன்னால நடந்து போவார்."

செயலாளர் மலையைப் பார்த்தார், சகாயராஜைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார். "விழாவை இங்கேயே வச்சுக்கலாமே" என்றார்.

அதற்குத்தானே ரிப்பன். செக்போஸ்ட் கேட்டின் குறுக்கே கட்டினார்கள். செயலாளர் அதை வெட்டினார். கேட் திறக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை. நீலத் தொட்டியில் கெண்டை விட்டார். ஓடை போலத் தெரிய வேண்டும் என்று போட்டோகிராபர் தொட்டியைச் சுற்றி நான்கு குரோட்டன்ஸை அடுக்கினார். கூட்டம் கைதட்டியது. செயலாளர், இயற்கையோடு இணைந்து வாழ்வது பற்றித் தார்ச்சாலையில் நின்று பேசிவிட்டு, மதியத்துக்குள் கிளம்பிப் போனார்.

கூட்டம்தான் கிளம்பவில்லை. துண்டைத் தோளில் போட்ட ஒரு பெரியவர் கேட்டருகே வந்தார். "போன தடவ ஓடையில குளிச்சோம் சார். என்னா தண்ணி! ஊர் ஓடையில குளிச்சா ஒத்துக்காத எனக்கே ஒண்ணும் பண்ணல. ஒரு முங்கு போட்டுட்டு வந்துர்றோம்."

"பிரியாணி இன்னொரு அண்டா வந்துட்டு இருக்கு அண்ணே" என்றாள் தில்லை. வரவில்லை. திண்டுக்கல்லுக்குப் போன் செய்து அப்போதுதான் சொன்னாள்.

அண்டா வந்தது. பிறகு டீ கேட்டார்கள். பிறகு பாட்டுப் போட்டி வைத்தாள் தில்லை. இடைவேளை கிடைத்த போதெல்லாம் கணவனும் மனைவியும் ரகசியமாகச் சண்டை போட்டார்கள்.

"இன்னும் வெளிச்சம் இருக்கு. ஒரு எட்டுப் போய்க் காலை நனைச்சுட்டு வா."

"நீங்க போங்க. உங்களுக்குத்தான் வனத்துறை வேலை. ஓடைக்கு உங்களைத் தெரியலன்னா கேவலம்."

"நீ போகாம நான் போக மாட்டேன்."

"நீங்க போகாம நான் போக மாட்டேன்."

துண்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "சின்னஞ்சிறுசுக, ஒண்ணாவே போயிட்டு வாங்களேன். நாங்க கேட்டைப் பாத்துக்கறோம்" என்றார் பெருந்தன்மையாக. இருவரும் ஒரே குரலில் "வேண்டாம்" என்றார்கள்.

கடைசி பஸ் திரும்பும்போது வெயில் மலை உச்சியில் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அந்தக் கோடும் போனது. சகாயராஜ் காலித் தொட்டி ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்தான். தில்லை பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் மிச்சமிருந்த பிரியாணியை நீட்டினாள். அன்று இரவு இருவரும் செக்போஸ்ட் அறையிலேயே தூங்கினார்கள். மேலே போய்ப் பார்க்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை ஓடைக்கு வந்தார்கள். மேல்குருவியே தண்ணீரில் கிடந்தது. மாடுகள் கழுத்தளவில் நின்று கண்ணை மூடியிருந்தன. மணி நடு ஓடையில் நீந்திக்கொண்டிருந்தது. நாய் சொறிவதை நிறுத்தினால் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது. பாறையில் முபாரக் சட்டையைக் கழற்றிவிட்டு, மலையே தன்னுடையது போல உட்கார்ந்திருந்தான்.

ராக்கு கையை நீட்டிக் காட்டினாள். தடிப்பு அமுங்கத் தொடங்கியிருந்தது.

சகாயராஜ் பூட்ஸைக் கழற்றி, அவள் கையைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துபோய்க் காலை நனைத்தான். தில்லையும் நனைத்தாள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் கணுக்காலைத் தேய்த்தான். அவள் முழங்காலைச் சொறிந்தாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். தில்லைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"என்னா சிரிப்பு?" என்றாள் ராக்கு. "ரெண்டு பேரும் நேத்து உள்ள வரலையா? ஒருத்தர்கூடவா?" பதில் வருவதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அது ஓடைத் தண்ணீர்தானா என்று அவர்கள் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய பழைய குரல் திரும்பி வந்தது.

"அதுக்கென்ன சார். கீழ காங்கிரீட் வீடு இருக்கு, பாத்ரூம் எல்லாம் இருக்கு. அரிப்பு போயிருச்சு, இனி நாங்க எதுக்குப் போறோம்? காலியாத்தான் கெடக்கும். உங்களுக்குன்னே கட்டி வச்ச மாதிரி."

இடுப்பிலிருந்து பச்சை டியூப்பை எடுத்து நீட்டினாள். சகாயராஜ் ஒரு கையால் சொறிந்துகொண்டே மறு கையால் வாங்கினான்.

"ராத்திரி தடவிட்டுப் படுங்க" என்றாள் ராக்கு. "சுத்தமா குளிக்கணும். துணியத் துவைச்சு வெயில்ல போடணும். ஒரே வாரத்துல சரியாயிரும்."